தேம்ஸ் நதியும் நமது வாவியும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திலே பேசுமாறு எம்மை அழைக்க வந்த செயலாளர், "இளைஞருக்குப் பயன்படக்கூடிய பொருளாக ஒன்றை எடுத்துப் பேசுங்கள்" என்று சொல்லிச் சென்றார். திருக்குறளையோ பெரியபுராணத்தையோ அவர் மனத்தில் நினைத்திருக்கக்கூடும். நாம் பேச எடுத்துக்கொண்டதோ கணினியில் ஆடும் ஒரு விளையாட்டு. இதைக் கேட்டவுடன் முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் பெரியோர் சிலர் முகஞ் சுழிப்பதையும், பின்வரிசையிலே இளைஞர் சிலர் நிமிர்ந்து உட்காருவதையும் ஒருங்கே காண்கின்றோம். இரு திறத்தாரும் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நாம் சொல்லப்போவது விளையாட்டைப் பற்றியதாயினும், அதில் ஓடுகின்ற ஓர் ஆற்றைப் பற்றியே ஆகும். அந்த ஆறு இறுதியில் நம்மை நமது துறையிலேயே கொண்டுவந்து இறக்கும்.

சென்ற விடுமுறையிலே எமது மருமகன் ஒருவன் வந்து எம்முடன் தங்கியிருந்தான். பாடசாலையில் உயர்தரம் படிப்பவன், கெட்டிக்காரன். இரவு உணவு முடிந்ததும் கணினியின் முன் அமர்ந்துவிடுவான். ஒருநாள் அவன் தோளின் பின்னே நின்று திரையைப் பார்த்தோம். பெரியதோர் ஆறு, கரையெங்கும் புகைபோக்கிகள், நீர்மேல் எண்ணற்ற படகுகள். தொப்பியணிந்த இளைஞன் ஒருவன் ஒரு படகிலிருந்து மறு படகுக்குப் பாய்ந்து பாய்ந்து ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். "இது எந்த ஆறு?" என்று கேட்டோம். "தேம்ஸ் மாமா. 1868ஆம் ஆண்டு இலண்டன்" என்றான். மேற்கிலிருந்து கிழக்காக அங்குள்ள பாலங்களின் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். சரித்திர பாடத்தைக்கூட அவ்வளவு சுத்தமாக ஒப்புவிக்க நாம் கேட்டதில்லை.

அவ்விளையாட்டின் பெயர் 'அசாசின்ஸ் கிரீட்: சிண்டிகேட்' என்பது. கனடா நாட்டின் கியூபெக் நகரிலுள்ள யூபிசொப்ட் நிறுவனத்தின் கலைக்கூடம் அதனை ஆக்கி, 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளியிட்டது. ஜேக்கப், ஈவி என்னும் இரட்டைப் பிள்ளைகள் அதன் கதைத்தலைவர். விக்டோரியா மகாராணியார் ஆண்ட காலத்து இலண்டன் மாநகரை, வீதி வீதியாக, கட்டடம் கட்டடமாகத் திரையிலே எழுப்பியிருக்கின்றார்கள். நாவலாசிரியர் டிக்கன்ஸ், டார்வின், கார்ல் மார்க்ஸ், நோயாளரைப் பேணிய நைட்டிங்கேல் அம்மையார் ஆகியோரும் அங்கே நடமாடுகின்றனர். பஞ்சாபின் இறுதி மகாராசாவாக விளங்கி, 1849இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்து, இளம் வயதிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட துலீப் சிங்கும் வருகின்றார். நமது இளைஞர் பலருக்கு அவர் பெயரை முதன்முதல் அறிவித்தது பாடநூலன்று, இவ்விளையாட்டே என்று அறிந்தபோது நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

நாம் கூர்ந்து பார்த்தது அந்த ஆற்றை. அந்த விளையாட்டுலகம் ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. வைட்சாப்பல், சிட்டி, ஸ்ட்ராண்ட், வெஸ்ட்மின்ஸ்டர் என்பன வடகரை. லாம்பெத், சதக் என்பன தென்கரை. ஏழாவது பகுதி தேம்ஸ் நதியே. ஆற்றை இரு கரைகளுக்கிடையே கிடக்கும் வெறும் நீராக விட்டுவிடாமல், அதனையும் ஓர் ஊராகவே எண்ணி அமைத்தார்கள். இது மிக நல்ல யோசனை என்பது எமது கருத்து. இத்தகைய விளையாட்டைச் செய்பவர்களுக்கு அகன்ற ஆறு ஒரு தொல்லை. மருமகனின் வீரன் கயிறு எறியும் பொறியொன்றைக் கையில் வைத்திருக்கின்றான். அதைக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகின்றான். ஆற்றின்மேல் கூரை ஏது? அங்கே அவனுடைய வேகமெல்லாம் அடங்கிப்போகின்றது. ஆகவே ஆட்டத்தைச் செய்தவர்கள் ஆறு முழுவதையும் படகுகளால் நிரப்பினார்கள். சரக்குத் தோணிகளும் சக்கரத்தால் நீரைத் தள்ளிச் செல்லும் நீராவிக் கப்பல்களும் ஒன்றையொன்று உரசுமாப்போலச் செல்கின்றன. அவற்றின் தட்டுகளே வீதி.

இது வெறுங் கற்பனையன்று. அக்காலத்தில் இலண்டன் பாலத்துக்குக் கிழக்கே உள்ள நீர்ப்பரப்பு உலகத்திலேயே மிகுந்த நெருக்கடியுள்ள துறைமுகங்களில் ஒன்று. பெருங்கப்பல்கள் ஆற்றின் நடுவே நிற்க, அவற்றின் பாரத்தைச் சிறு தோணிகள் ஏற்றிக் கரை சேர்த்தன. பொருட்களைக் காப்பதற்கென்றே 1802இல் மேற்கிந்தியக் கப்பற்றுறையும், 1828இல் செயின்ற் கதரின் கப்பற்றுறையும் வெட்டித் திறக்கப்பட்டன. ஆட்டத்தின் பொருட்டுச் செய்த ஒன்று சரித்திரத்துக்கும் ஒத்துவந்துவிட்டது.

அவ்வாட்டத்திலே படகுகளில் இருக்கும் கடத்தற்காரரின் சரக்குப் பெட்டிகளைக் கைப்பற்றுவதும் ஒரு வேலை. மருமகன் அதில் முனைந்திருந்தபோது, "மகன், அந்தப் பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டோம்.

"தெரியா மாமா. எடுத்தாக் காசு வரும்."

அன்பர்களே, இந்த விடை எம்மைச் சில நாள் விட்டு நீங்கவில்லை. ஏனெனில், அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருந்திருக்கும் என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1868இல் இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தலையாய பொருள் கோப்பி. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது அதற்கு முந்தின ஆண்டாகிய 1867இலே. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அப்பாதையின் முதல் நோக்கம். அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையிலே செந்நிற நோய் கண்டது. சில ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1868ஆம் ஆண்டோ இந்த அழிவுக்கு முந்தின ஆண்டு. சுயஸ் கால்வாயும் 1869 நவம்பரிலேதான் திறக்கப்பட்டது. ஆகவே அவ்வாண்டில் தேம்ஸ் நதி சேர்ந்த நமது கோப்பி மூட்டைகள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டே சென்றிருக்கும். மூட்டையின் மறுமுனையிலே, தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளர் நிற்கின்றனர். வழியிலேயே மாண்டோர் பலர். திரையிலுள்ள பெட்டிக்குப் பெயரில்லை. ஆற்றை ஓர் ஊராக்கினார்கள், சரி. அந்த ஊருக்கு எங்கிருந்து என்ன வந்தது என்பதைக் காட்டாமல் விட்டார்கள்.

மற்றொன்றையும் விட்டார்கள். அது தண்ணீர்.

ஆற்றைப் பற்றிய விளையாட்டிலே தண்ணீர் இல்லையா என்று கேட்பீர்கள். பார்ப்பதற்கு உண்டு, அழகாகவும் உண்டு. வெயில் படும்போது மின்னுகின்றது, மழை பெய்யும்போது புள்ளியிடுகின்றது. ஆயின் அந்த நீரை யாரேனும் குடித்தார்களா, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பது ஆட்டத்தின் கதையிலே முக்கிய இடம் பெறவில்லை. வீரன் படகிலிருந்து தவறி ஆற்றில் விழுந்தால் நீந்திக் கரையேறி ஓடிவிடுகின்றான். உண்மையான தேம்ஸ் நதியிலே அந்நாளில் விழுந்து இரண்டு வாய் நீர் குடித்திருந்தால் அவன் அடுத்த கட்டத்துக்குப் போவது சந்தேகந்தான்.

அக்கதையைச் சிறிது விரித்துச் சொல்வது அவசியம். இலண்டன் நகரத்தின் மலசலமெல்லாம் தேம்ஸ் நதியிலே கலந்தன. அந்நதியிலிருந்தே குடிநீரும் எடுத்தார்கள். 1832 முதல் வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது. நோய் காற்றினால் பரவுகின்றது என்பதே பெரும்பாலான வைத்தியரின் கொள்கை. ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் ஒருவர் மட்டும் நீரினாலேதான் பரவுகின்றது என்று வாதித்து, 1854இல் சோகோ பகுதியிலே ஒரு தெருக்கிணற்றுக் குழாயைச் சுற்றி யார் யார் இறந்தார் என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்துக் காட்டினார். அவர் சொல்லைப் பலர் ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையிலே வெப்பம் மிகுந்து ஆறு முழுவதும் நாற்றமெடுத்தது. ஆற்றங்கரையிலிருந்த பாராளுமன்றத்திலே உறுப்பினர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினர். திரைச்சீலைகளைச் சுண்ணாம்புச் சரக்கில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். ஏழைகள் ஆண்டாண்டாகச் செத்தபோது அசையாத சட்டம், கனவான்களின் மூக்கைத் தொட்டவுடன் 18 நாளில் நிறைவேறிற்று. அந்தக் கோடையிலேயே ஜூன் மாதத்தில் ஸ்னோ காலமானார். தாம் சொன்னது மெய்யென்று உலகம் ஒப்புக்கொள்வதை அவர் காணவில்லை.

பின்னர் பசல்கெற் என்னும் பொறியியலாளர் நகரத்தின் அடியிலே 82 மைல் நீளமான பெருஞ் செங்கற் கால்வாய்களை அமைத்துக் கழிவுநீரைக் கிழக்கே கொண்டுசென்றார். அந்த வேலை முற்றுப்பெறுவதற்குள், 1866இல், புதிய கால்வாய் வந்து சேராத கிழக்குப் பகுதியை வாந்திபேதி மறுபடியும் தாக்கிற்று. அங்கே 5,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். இடம் எது தெரியுமா? வைட்சாப்பலும் அதனையடுத்த பகுதிகளும். எமது மருமகனின் வீரர்கள் இலண்டனில் முதன்முதலாக வந்து தங்குமிடம் அதே வைட்சாப்பல், ஆண்டு 1868. இரண்டே ஆண்டு சென்றிருக்கின்றது. அந்தத் தெருக்களில் நடக்கும் பெண்களில் எத்தனை பேர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களாக இருந்திருப்பார்கள்! இதைச் சொன்னபோது மருமகன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "அப்ப ஏன் மாமா அதைக் காட்டயில்ல?" என்றான். காசு கொடுத்து விளையாட்டு வாங்குபவன் துயரத்தை வாங்க மாட்டான் என்று சொல்லி வைத்தோம். அது முழு விடையன்று என்று இப்பொழுது தோன்றுகின்றது. அதே விளையாட்டிலே போலி மருந்து விற்று ஏழைகளை ஏய்க்கும் கூட்டத்தைக் காட்டத்தான் செய்திருக்கின்றார்கள். கெட்டவன் ஒருவனைக் காட்டலாம், அவனை ஓடிப் பிடிக்கலாம். நீரைப் பிடிப்பது எப்படி?

கழிவு கிழக்கே சென்றதோடு கதை முடிந்துவிடவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகின்றோம். 1878 செப்தெம்பரில் 'பிரின்சஸ் அலிஸ்' என்னும் உல்லாசக் கப்பல், கழிவுநீர் வந்து விழும் அந்த இடத்துக்கு அருகிலேயே மோதுண்டு மூழ்கிற்று. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒருவர் கழித்துவிட்டது இன்னொருவர் வாயிலே போய் விழுகின்றது.

பசல்கெற் ஆற்றின் வடிவையும் மாற்றினார். வெஸ்ட்மின்ஸ்டர் முதல் பிளாக்பிரையர்ஸ் வரை ஆற்றின் ஓரத்தைத் தூர்த்து, உள்ளே கழிவுக்கால்வாயும் சுரங்கப் புகையிரதமும் வைத்து, மேலே அகன்ற வீதி போட்டார். 1870இல் அது திறக்கப்பட்டது. ஆக, 1868இல் அக்கரை சேறும் கட்டுமானமுமாகக் கிடந்த காலம். அங்கே இன்றைக்கும் ஒரு வேடிக்கை உண்டு. 1626இல் ஒரு பிரபுவின் மாளிகைக்குப் படகில் வந்திறங்கக் கட்டிய கல்வாயில் ஒன்று, ஆற்றிலிருந்து ஏறக்குறைய 150 யார் தொலைவில், பூங்காவின் நடுவே நிற்கின்றது. படியிருக்கின்றது, நீரில்லை.

அந்த வாயிலில் படகைக் கொண்டுவந்து நிறுத்திய தோணிக்காரர்கள் என்னவானார்கள்? 1750 வரை இலண்டனின் நடுப்பகுதியிலே ஒரேயொரு பாலமே இருந்தது. மற்றெங்கும் ஆற்றைக் கடக்க வேண்டுமாயின் தோணிதான். ஆயிரக்கணக்கான தோணிக்காரர் அதனால் பிழைத்தனர். 1715 முதல் அவர்களுடைய இளைஞருக்கென்று ஓர் ஓட்டப்போட்டி வைக்கப்பட்டு, வெல்பவனுக்குச் சிவப்புச் சட்டையும் வெள்ளிப் பட்டயமும் கொடுக்கும் வழக்கம் இன்றும் நடந்து வருகின்றது. 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வந்தபோது அவர்களுடைய சங்கத்துக்கு நட்டஈடு கொடுத்தார்கள். அதன்பின் பாலம் பாலமாக எழுந்தது. நீராவிக் கப்பல் வந்தது. தோணிக்காரர் குறைந்து போயினர். ஆனால் அவர்களை எழுதி வைத்தவர்கள் இருந்தனர். ஹென்றி மேஹியூ என்னும் பத்திரிகையாளர் 1849இலிருந்து தெருவிலும் துறையிலும் நின்ற ஏழைகளிடம் சென்று, என்ன சம்பாதிக்கின்றாய், என்ன உண்கின்றாய், எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று கேட்டு, அவரவர் சொல்லிலேயே எழுதினார். சேற்றிலே இறங்கி நிலக்கரித் துண்டும் ஆணியும் பொறுக்கிய சிறு பிள்ளைகளின் பேச்சுக்கூட அவருடைய நூலில் இருக்கின்றது. இத்தகைய ஏடுகளும், வரைபடங்களும், நிழற்படங்களும் சேமித்து வைக்கப்பட்டிருந்தபடியாலேயே, ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கனடாவில் இருப்பவர் அந்நகரத்தைத் திரும்பக் கட்ட முடிகின்றது. எழுதியிருப்பதில் எதை எடுப்பது எதை விடுவது என்பது பின்னர் வரும் சங்கதி. எழுதாததை எவரும் எடுக்க இயலாது.

இதே நிறுவனத்தார் 2017இல் எகிப்து நாட்டின் நைல் நதியை வைத்து ஒரு விளையாட்டுச் செய்து, அடுத்த ஆண்டிலே அதனைச் சண்டையில்லாத கல்வி உலாவாகவும் வெளியிட்டனர். மாணவன் நாணற் காட்டினூடே நடந்து அக்கால விவசாயத்தையும் ஓடங்களையும் பார்த்து வரலாம். 2023இல் தைகிரிஸ் நதிக்கரைப் பக்தாத் நகரமும் வந்துவிட்டது. ஆகவே இளைஞர்கள் நம்மைப் பார்த்து, "நமது வாவி எப்போது வரும்?" என்று கேட்பது நியாயமே. எமது மருமகனும் கேட்டான்.

வரக்கூடாது என்பதில்லை. கதைக்கு வேண்டிய பொருள் நிரம்ப உண்டு. ஒல்லாந்து மாலுமி ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்புக் கரையை அடைந்து, கண்டி அரசனைக் காணச் சென்றான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் துணையுடன் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். நான்கு புறமும் நீர் சூழ்ந்த தீவிலே கோட்டை, அப்பால் எழுவான்கரை, இப்பால் படுவான்கரை: ஆட்டம் செய்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தேம்ஸ் நதியின் வடகரையும் தென்கரையும் வெறுந் திசைப்பெயர்கள். நமது முன்னோரோ சூரியன் எழும் கரை, படும் கரை என்று பெயரிட்டனர். நாம் எழுவான்கரையார், நமக்கு நெல்லும் தயிரும் வந்தது படுவான்கரையிலிருந்து.

ஆயினும் அந்த வாவியைத் திரையிலே கட்டுவோமெனின் எத்தனை கேள்வி எழும் என்று எண்ணிப் பாருங்கள். தேம்ஸ் நதி இலண்டனிலே நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். அதன் ஏற்ற இறக்கம் இலண்டன் பாலத்தருகே ஏறக்குறைய 7 மீற்றர். ஆட்டத்திலே அந்த ஏற்ற இறக்கத்தை நாம் பார்த்த அளவிற் காணவில்லை. நமது வாவியோ நாளுக்கு மாறுவதை விடப் பருவத்துக்கு மாறுவது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் நீர், மாரியிலே வெள்ளம் சேர்ந்து வயலோரம் வரை ஏறும். முகத்துவாரம் திறந்தால் கடலோடு கலக்கும். கோடையிலே மணல் அடைத்து, நீர் வற்றி உப்பேறும். மீனும் இறாலும் அதற்கேற்ப வரும், போகும். கல்லடியிலே நிலா இரவில் மீன் பாடும் இசையைச் சுவாமி விபுலானந்தர் கேட்டு, 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே அதற்கு ஓர் இடம் கொடுத்தார். எந்த மாதத்தில் வாவியைத் தீட்டுவது என்று கேட்டால், மீன்பிடிப்போருக்கல்லாமல் வேறு யாருக்கு விடை தெரியும்?

அதனிலும் கடினம் துறைகள். கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. அதனருகே புதிய பாலம் 2013இல். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் தேருக்குச் சென்ற அடியார்கள் மண்முனைத் துறையிலே பாதைக்குக் காத்து நின்று கடந்தவர்கள். மண்டூர் முருகனிடம் செல்வோர் குருமண்வெளித் துறையிலே தோணியேறினர். நமது குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே எத்தனை தலைமுறையார் போய் வந்திருக்கின்றனர்! நோயாளியை ஏற்றியது, மணப்பெண்ணை ஏற்றியது, தயிர்ச் சட்டிகளை ஏற்றியது, வெள்ளாண்மைக் காலத்து நெல் மூட்டைகளை ஏற்றியது எல்லாம் அந்த நீரின்மேல்தான். பாலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நள்ளிரவிலே பிரசவ வேதனையோடு கரையில் காத்து நின்ற குடும்பத்தவரைக் கேட்டால் பாலத்தின் அருமை தெரியும். ஆனால் பாலம் வந்த மறுநாளே துறை மறக்கப்படுகின்றது.

எஸ். ஓ. கனகரத்தினம் அவர்கள் 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்கள். எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார்கள். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. இவை நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அவர்கள் அடித்தளம் இட்டுச் சென்றார்கள். அதன்மேல் ஒவ்வோர் ஊரும் தன் துறையையும் தன் தோணியையும் எழுதி வைத்திருக்க வேண்டும். நாம் எழுதினோமா?

சென்ற மாதம் மருமகனை அழைத்துக்கொண்டு துறைக்குச் சென்றோம். தேம்ஸ் நதியின் பாலங்களை ஒப்புவித்தவன், எதிரே தெரிந்த கரையின் ஒரு திருப்பத்தைக் காட்டி அதற்குப் பெயர் என்ன என்று எம்மைக் கேட்டான். எமக்கும் தெரியவில்லை. இவ்வூரிலே பிறந்து வளர்ந்தோம் என்று சொல்லிக்கொள்கின்றோம். அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். அதோடு நில்லாமல், நீருக்கடியிலே மேடு எங்கே, ஆழம் எங்கே, கோல் எட்டாத இடம் எது, காற்று எப்பக்கம் திரும்பினால் தோணியை எங்கே கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மருமகன் கைபேசியிலே எழுதத் தொடங்கி, முடியாமற் போய், எம்முடைய சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கிப் பழைய இரசீது ஒன்றின் பின்புறத்தில் படமாகவே கீறினான்.

அவனுடைய விளையாட்டைப் பற்றியும் பெரியவருக்குச் சொன்னோம். தோணிக்குத் தோணி பாய்ந்து ஆற்றைக் கடக்கும் விதத்தை அவர் மிகவும் இரசித்துக் கேட்டார். பிறகு, "அப்ப தோணிக்காரனுக்கு என்ன குடுப்பாங்க?" என்றார்.

"ஒண்டும் குடுக்கத் தேவையில்ல ஐயா. சும்மா பாய்ஞ்சு ஏறலாம்."

"அப்ப அவன் என்னெண்டு சீவிக்கிற?"

மருமகன் எம்மைப் பார்த்தான். நாம் வாவியைப் பார்த்தோம்.

அன்பர்களே, அந்த இரசீதிலே கீறிய படத்தை ஒரு கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டி, இம்மன்றத்து மேசையின்மேல் வைத்திருக்கின்றோம். பெரியவர் சொன்ன இடப்பெயர்கள் அதிலே இருக்கின்றன. மற்றப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. கூட்டம் முடிந்ததும் தேநீர் தருவார்கள். தேநீருக்குப் பின், தோணி விட்டவர்களும், பாதையிலே போய் வந்தவர்களும், 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்தின கரை எப்படி இருந்ததென்று நினைவுள்ள பெரியோரும் சற்றே இருந்து செல்லுமாறு வேண்டுகின்றோம். எழுதுவதற்குப் பையன்கள் நால்வர் பேனாவோடு காத்திருக்கின்றனர்.